நாலே முக்கால் கிலோ

மீராசாகிபு அறுபது வருஷம் கடை வைத்தவர். அந்த அறுபது வருஷத்தில் யாருக்கும் ஒரு கிராம் குறைத்து நிறுத்தது கிடையாது. அப்படிப்பட்டவர் எண்பத்தெட்டாவது வயதில் தராசில் கள்ளம் செய்யத் தொடங்கினார். அரிசியிலோ பருப்பிலோ செய்யவில்லை. தன்னுடைய உடம்பில் செய்தார்.

மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை சீனி வருத்தக்காரருக்குக் கிளினிக். அன்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்ததும் மகன் அஹ்ஸனின் கடைக்குள் நுழைவார். கடை வீட்டோடு ஒட்டியது. அரிசி மூட்டை நிறுக்கிற மின்தராசு அங்கே நிலத்தில் கிடக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். சிவப்பு இலக்கங்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். இந்தப் புதன்கிழமை ஐம்பத்து நாலேகாலில் நின்றன.

கிளினிக் கொப்பியில் இருப்பது ஐம்பத்தொன்பது. அப்படியென்றால் நாலே முக்கால் கிலோ வேண்டும்.

மின்தராசு வந்த நாளிலிருந்து, சாமான் நிறுக்கிற பழைய இரும்புப் படிகளுக்கு வீட்டில் வேலை இல்லை. இரண்டு கிலோப் படி கதவு அடிபடாமல் முட்டுக்கொடுத்து நிற்கும். மற்றவை அலுமாரிக்கு அடியில் கிடக்கும். மீராசாகிபு குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார். நிமிரும்போது தலை சுற்றியது. அலுமாரியைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு சாரத்துக்கு மேல் கட்டும் அகலத் தோல்வாரை எடுத்தார். அதில் மூன்று பைகள். நடுப்பையில் இரண்டு கிலோ. வலது பையில் ஒன்று, இடது பையில் ஒன்று. அரைக் கிலோவும் இருநூறு கிராமும் சந்து பார்த்துச் செருகினார். ஐம்பது கிராம் படியைக் கையில் வைத்து யோசித்தார். விட்டாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனாலும் செருகினார். நிறுவை என்றால் நிறுவைதான்.

மார்க்கம் தெரிந்தவர் என்பதால் தொடக்கத்தில் மனசு குத்தியது. அளவையில் மோசம் செய்பவனுக்குக் கேடு என்று சின்ன வயதில் ஓதியவர். பிறகு யோசித்துப் பார்த்தார். குறைத்து நிறுத்தால்தானே பாவம்? இவர் கூட்டியல்லவா நிறுக்கிறார்? அதோடு மனசு அடங்கியது.

இதெல்லாம் எட்டு மாதத்துக்கு முன்பு அரைக் கிலோவில் தொடங்கியது. காரணம் வீரகத்தி. வீரகத்தி சைக்கிள் திருத்துபவர், மீராசாகிபுவின் வயதுக்காரர். இருவரும் ஒரே ஓட்டோவில் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள். மூன்று மாதம் தொடர்ந்து வீரகத்தியின் நிறை இறங்கியது. நாலாம் மாதம் டொக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். போனவர் பத்தொன்பதாம் நாள் பெட்டியில் திரும்பி வந்தார். வயிற்றுக்குள் கட்டி இருந்ததாம், ஒரு வருஷத்துக்கு மேல் வளர்ந்ததாம். மீராசாகிபுவிடம் அதைச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. கடிதம் எழுதும்வரை வீரகத்தி சைக்கிள் திருத்திக்கொண்டிருந்தார். கடிதம் எழுதியபின் செத்தார். அந்தக் கடிதத்தை எழுத வைத்தது நிறுவைதான்.

அடுத்த மாதம் மின்தராசில் தன் நிறை அரைக் கிலோ இறங்கியிருந்ததைப் பார்த்தபோது அவர் படியைத் தேடினார்.

நிறை ஏன் இறங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். பசி. அதைச் சொல்லத்தான் வழி இல்லை.

மருமகள் ஹாலிதா கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். குசினிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில், மீராசாகிபுவுக்கு எழுபது வயது ஆகும்போது, ஒரு டொக்டர் கொடுத்த தாள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று அதில் இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது ஹாலிதா அதையும் கொண்டுவந்தாள். இரவில் சோறு இல்லை. பகலில் ஒரு கோப்பைச் சோறு. தேங்காய்ப்பால் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை கிழமைக்கு ஒன்று. குரக்கன் புட்டு, கீரை, பாவக்காய். மீராசாகிபுவின் மனைவிக்குச் சீனி வருத்தத்தில் ஒரு கால் போனது. அந்தப் புண்ணை இரண்டு வருஷம் கழுவித் துடைத்தவள் ஹாலிதா. மௌத்தாகும்போது மாமி கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: "மாமாவ என்னைப்போல ஆக விட்டுடாத, மகள்." ஹாலிதா விடவில்லை. தெருவில் உள்ள எல்லாக் கடைக்கும் சொல்லி வைத்திருந்தாள். மாமாவுக்கு ஒரு பிஸ்கட் விற்றவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவள் போகமாட்டாள். சொந்தப் புருஷன் அஹ்ஸனின் கடையிலேயே அவருக்குச் சாமான் கிடையாது.

"நோன்பு எல்லாருக்கும் ஒரு மாசம். எனக்குப் பன்னிரண்டு மாசம்" என்று ஒருநாள் மகனிடம் சொன்னார்.

"வாப்பா, அவட காதில விழுந்தா எனக்கும் சேத்து நோன்பு" என்றான் அஹ்ஸன்.

சீனிக்கு விழுங்கும் குளிசைகளும் அவள் கையால்தான். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. கிளினிக்கில் வெறும் வயிற்றில் சீனி பார்த்தால் எண்பது, எண்பத்தைந்து என்று வரும். ஹாலிதா அந்த இலக்கத்தை ஊருக்கெல்லாம் சொல்வாள். பரீட்சையில் பாஸான பிள்ளையின் தாய் மாதிரி நடப்பாள். காலை பதினொரு மணிக்கு மாமனாருக்குக் கை நடுங்குவதும் முதுகு நனைய வேர்ப்பதும் அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுபோல நிற்பார். வாப்பா தெருவைப் பார்க்கிறார் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

அன்று காலை வாரைக் கட்டும்போதுதான் ஒரு சிக்கல். கடைசித் துவாரத்தில் மாட்டினாலும் வார் இடுப்பில் நிற்கவில்லை. போன மாதமே செருப்புத் தைப்பவனிடம் கொடுத்துப் புதிதாக ஒன்று போட்டிருந்தார். அதுவும் போதவில்லை. ஒரு ஆணியை எடுத்து, அரைக் கிலோப் படியாலேயே அடித்து, இன்னொரு துவாரம் போட்டார். பிய்ந்த மாதிரித்தான் வந்தது. மாட்டினார். நின்றது. மேலே சட்டையை இழுத்து விட்டார்.

"மாமா, ஓட்டோ வந்திட்டுது. இன்னும் என்ன செய்யிறீங்க?"

"வாறன், வாறன்."

கிளினிக்கில் உட்கார நீளமான வாங்கு. வழக்கம்போல ஏரம்பு முதல் ஆளாக வந்து குந்தியிருந்தார். முத்தையன்கட்டுப் பக்கம் வயல் செய்பவர். எண்பத்தாறு வயது. காய்ந்த தடி மாதிரி மனுஷன், வாய் மட்டும் ஈரம்.

"வாரும் நானா, இரும். என்ன ஆடி ஆடி வாறீர், மாப்பிள்ளை நடையோ?"

"உமக்கென்ன, நீர் காத்தடிச்சா முல்லைத்தீவுக் கடலுக்குப் போயிடுவீர்."

"நான் காத்தோட போவன். நீர்தான் ஒரு இடத்திலயே நிக்கிறீர். எட்டு மாசமா அம்பத்தொன்பது. நங்கூரம் போட்டு வைச்சிருக்கிறீரோ?"

மீராசாகிபு சட்டையின் முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டார். ஹாலிதா பக்கத்தில் இருந்தாள். "கண் வைக்காதீங்க ஏரம்பண்ணை" என்றாள். "நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு மாமாவ ஒரே சீரா வைச்சிருக்கிறம் தெரியுமே?"

"அதைத்தானே பிள்ளை சொல்லுறன். கல்லு மாதிரி வைச்சிருக்கிறாய்."

தாதி பிரஷாந்தினி பெயர் கூப்பிட்டாள். "ஐயா, செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

மீராசாகிபு எழுந்தார். நாலு அடி நடந்தார். வெறும் வயிற்றோடு வந்ததாலோ என்னவோ, கை நடுக்கம் அன்று நேரத்தோடேயே வந்துவிட்டது. தராசில் ஒரு காலை வைத்தார். மற்றக் காலைத் தூக்கினார். ஆணித் துவாரம் பிய்கிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் கேட்டது. இடுப்பு இருந்த காலத்தில் வார் அவிழ்ந்தாலும் இடுப்பில் தங்கும். இப்போது தங்குவதற்கு ஒன்றும் இல்லை. வார் சாரத்தையும் இழுத்துக்கொண்டு கீழே போனது. மீராசாகிபுவுக்கு இரண்டில் ஒன்றைப் பிடிக்கத்தான் நேரம் இருந்தது. சாரத்தைப் பிடித்தார். இரண்டு கிலோப் படி சீமெந்துத் தரையில் விழுந்து ஒரு சில்லைப் பெயர்த்தது. மற்றவை நாலு பக்கமும் உருண்டன. வாங்கில் இருந்த கிழவிகள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒரு படி உருண்டு போய் ஏரம்புவின் காலடியில் நின்றது.

ஏரம்பு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நானா, உம்மட ஒரு கிலோ இஞ்ச வந்திட்டுது."

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு வாங்கு முழுக்கச் சிரித்தது. ஹாலிதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் தராசைப் பார்த்தாள். அதன் ஊசி ஐம்பத்து நாலுக்குப் பக்கத்தில் நின்றது.

டொக்டர் யதுர்ஷிகாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆறு படிகளும் அவளுடைய மேசைமேல் வரிசையாக இருந்தன. கொப்பியைப் புரட்டினாள்.

"எட்டு மாசம் அம்பத்தொன்பது. ஒரு கிராமும் மாறேல்லை. நானே யோசிச்சிருக்கவேணும். சாப்பிடுற மனுசருக்கு இப்பிடி நிக்காது." படிகளைக் காட்டினாள். "இது எவ்வளவு?"

"நாலே முக்கால். சரியா இருக்கும், டொக்டர் பிள்ளை. முத்திரை குத்தின படி."

"ஐயா, படியில நான் பிழை சொல்லேல்லை."

விரலில் குத்திச் சீனி பார்த்தாள். அறுபத்தொன்று. அவளுடைய முகம் மாறியது. உடனே தன் பையிலிருந்து பிஸ்கட் பக்கெற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். தேநீர்ப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். சீனி போட்ட தேநீர். மீராசாகிபு மருமகளைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குடித்தார். பிஸ்கட்டை நனைத்து நனைத்து நாலு தின்றார். கை நடுக்கம் மெல்ல மெல்ல நின்றது.

"அம்மா, என்ன சாப்பாடு குடுக்கிறியள்?"

ஹாலிதா சொன்னாள். தாளில் உள்ளதை மனப்பாடமாக, ஒன்று விடாமல் சொன்னாள்.

டொக்டர் முழுக்கக் கேட்டாள். "நல்ல தாள்தான். எழுபது வயசில சரி. இப்ப எண்பத்தெட்டு. இந்த வயசில ஆக்கள் மெலிஞ்சுதான் போறது. கொஞ்சம் சதை இருந்தா ஒரு காய்ச்சல் வந்தாலும் தாங்கும், விழுந்தாலும் எலும்பு முறியாது. சீனி இவ்வளவு இறங்கிறதும் கூடாது. இவருக்குச் சீனி கொஞ்சம் கூட நிண்டாலும் பரவாயில்லை, இறங்கினா விழுந்திடுவார்." குளிசைகளில் இரண்டை வெட்டினாள். "ரெண்டு நேரம் சோறு குடுங்கோ. ஒவ்வொரு நாளும் முட்டை, மீன். பால் குடுங்கோ. கதிரையில இருந்து கையூண்டாம எழும்பி இருக்கச் சொல்லுங்கோ, காலையில பத்துத் தரம், பின்னேரம் பத்துத் தரம். சீனியை அள்ளிப் போடச் சொல்லேல்லை. பசி கிடக்க விடாதேங்கோ."

"கடுதாசி?" என்றார் மீராசாகிபு.

"என்ன கடுதாசி?"

"பெரியாஸ்பத்திரிக்கு."

டொக்டர் அவரையும் மேசைமேல் இருந்த இரும்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "இதுக்கோ இவ்வளவும்?"

மீராசாகிபு ஐம்பது கிராம் படியைத் தொட்டு வரிசையில் நேராக வைத்தார்.

"இரத்தம் இஞ்சயே பாப்பம். அதில ஒண்டும் இல்லாட்டி ஒரு மாசம் தாறன். சாப்பிட்டும் நிறை ஏறேல்லையெண்டா உள்ளுக்குள்ள வேற ஏதோ இருக்கெண்டு அர்த்தம். அப்ப எழுதத்தான் வேணும். ஏறினா எழுத மாட்டன்." பேனையை மூடினாள். "ஐயா, முதல் மாசமே உண்மையான நிறையைக் காட்டியிருந்தா, எட்டு மாசத்துக்கு முந்தியே உங்களுக்குச் சோறு எழுதியிருப்பன்."

மீராசாகிபு மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு மாதம். அதில் இருநூற்றுநாற்பது இரவுச் சாப்பாடு. அவ்வளவையும் அவர்தான், தன் கையால், சரியான படி போட்டு, இல்லாமல் ஆக்கியிருந்தார்.

ஓட்டோவில் ஹாலிதா படிகளைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து, அந்தப் பையைக் கதவடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"ஊர் என்ன சொல்லும், மாமா? ஹாலிதா மாமனப் பட்டினி போட்டு இரும்பு கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவ எண்டு சொல்லாதா?"

"நீ பட்டினி போடேல்ல. நான் பசிக்குதெண்டு சொல்லேல்ல."

"ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா இன்னும் ரெண்டு துண்டு பாவக்காய் போடுவாய்."

அவளுக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் குசினிக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் பலமாக அடிபட்டன. ஒரு மணித்தியாலம் கழித்துச் சோறு வந்தது. தேங்காய்ப்பால் விட்ட பாரை மீன் ஆணம், பொரித்த முட்டை. அவள் எதிரில் நின்று பார்த்தாள். பாதியில் அவர் கையை எடுத்தார். சுருங்கிப்போன வயிறு இடம் கொடுக்கவில்லை.

"தின்னுங்க."

"போதும், மகள்."

"போதுமா? எட்டு மாசமா என்ன ஏமாத்தினீங்க. இப்ப தின்னுங்க."

தின்றார்.

சுவரில் இருந்த தாளை ஹாலிதா கிழித்து எறியவில்லை. பசையைச் சுரண்டி, ஓரம் கிழியாமல் எடுத்து, அலுமாரியில் வைத்தாள். இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் ஒட்டினாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இரத்தம் பார்த்ததில் சீனி எல்லையில் நின்றது, நிறை எண்பத்திரண்டு. டொக்டரிடம் கேட்டதற்கு, "உங்களுக்கு அந்தத் தாள் நல்லாப் பொருந்தும்" என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் ஒரு வேடிக்கையாக இருந்தது. மாமனார் சோற்றில் ஆணத்தை ஊற்றிப் பிசைவார். எதிரில் மருமகள் குரக்கன் புட்டையும் கீரையையும் வைத்துக்கொண்டு அவருடைய கோப்பையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பாவக்காய் வேணுமா, மகள்? நல்லம் அது" என்பார் மீராசாகிபு.

"வாய மூடிக்கொண்டு தின்னுங்க, மாமா."

இரத்தப் பரிசோதனையில் கெட்டதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த மாதம் முழுக்க அவர் மின்தராசில் ஏறவில்லை. பயம். கதிரையில் இருந்து எழும்பி எழும்பி இருந்தார். முதல் கிழமை மூன்று தரத்துக்கு மேல் முடியவில்லை. நாலாம் கிழமை பத்துத் தரம் வந்தது. பதினொரு மணிக்குக் கதவு நிலையில் நிற்பது மட்டும் மாறவில்லை. இப்போது உண்மையாகவே தெருவைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த இரண்டாவது புதன்கிழமை வாங்கில் அவருக்கு முதல் மரியாதை. எல்லாரும் தள்ளி இருந்து இடம் விட்டார்கள்.

"காலை எடுங்கோ எல்லாரும், கல்லு விழப்போகுது" என்றார் ஏரம்பு. அவருடைய குரலில் மட்டும் போன மாதத்து ஈரம் இல்லை.

பிரஷாந்தினி கூப்பிட்டாள். மீராசாகிபு வாரைக் கழற்றி ஹாலிதாவிடம் கொடுத்தார். சட்டையைக் கழற்றினார். சாரத்தை இறுக்கி முடிந்தார். ஏறி நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

தராசு ஐம்பத்தைந்தரையைத் தாண்டி நின்றது.

பிரஷாந்தினி எழுதவில்லை. ஊசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஐயா, ஒருக்கா இறங்குங்கோ." சாரத்தின் மடிப்பைத் தட்டிப் பார்த்தாள். முடிச்சைத் தட்டிப் பார்த்தாள். மடியில் ஏதோ கையில் பட்டது.

"இது என்ன?"

"பேரீச்சம்பழம். ரெண்டு. டொக்டர் தின்னலாமெண்டவ."

"வாயையும் திறந்து பாருங்கோ, மிஸ்" என்றது வாங்கில் இருந்து ஒரு குரல்.

எட்டு மாதம் பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொல்லும் நாளில் இரண்டு பேரீச்சம்பழத்தையும் வெளியில் வைத்துவிட்டுத் திரும்ப ஏற வேண்டியிருந்தது. ஊசி அதே இடத்தில் நின்றது. பிரஷாந்தினி எழுதினாள். ஒன்றே கால் கிலோவுக்கு மேல் ஏற்றம். உள்ளே டொக்டர் கொப்பியைப் பார்த்தாள், சிரித்தாள், கடிதத் தாளைத் தொடவில்லை.

வெளியே வந்து வாரைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏரம்பு நெருங்கி வந்தார். குரலை நன்றாகத் தாழ்த்தினார்.

"நானா, போன முறை எனக்கு ரெண்டு கிலோ குறைவு. இப்ப இன்னும் குறைஞ்சிருக்கும். மகள் வேற ஊருக்குப் போனாப்பிறகு சமைக்க ஆளில்லை. கடைப் பாணைத்தான் வாங்கித் தின்னுறன்." சுற்றிப் பார்த்தார். "உந்தப் படி ஒண்டு உம்மட்டக் கிடக்கோ?"

மீராசாகிபு வாரைக் கட்டி முடித்தார். பிறகு ஏரம்புவைத் தோளில் பிடித்து, திரும்ப விடாமல், நேரே தராசடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மிஸ், இவரை நிறுங்க. மடியைத் தட்டிப் பாத்திட்டு நிறுங்க. இவருக்குப் பசியாம். அதையும் கொப்பியில எழுதுங்க."

"நானா, நீர் ஒரு மனுசனோ?" என்று ஏரம்பு பல்லைக் கடித்தார். ஆனால் செருப்பைக் கழற்றினார்.

அவர் உள்ளே போய் வரும்வரை ஓட்டோவைக் காத்து நிற்கச் சொன்னார் மீராசாகிபு. ஹாலிதா ஏன் என்று கேட்டாள்.

"இண்டைக்கு ரெண்டு பேருக்குச் சோறு ஆக்கு, மகள்" என்றார்.